அம்மியும் செப்பேடும்

திருவனந்தபுரம் மத்திய நிலையத்துப் பார்சல் அலுவலகத்திலே நாம் குமாஸ்தாவாக இருக்கிறோம். நாள்தோறும் மூட்டைகளின் நடுவே நிற்பவர்களுக்கு ஒரு கண் தானாகவே வாய்த்துவிடுகிறது. வியாபாரச் சரக்கு எது, குடிபெயர்ந்து போகிறவரின் தட்டுமுட்டு எது என்பதை அவிழ்த்துப் பாராமலே சொல்லிவிடலாம். ஒரே அளவாய், ஒரே கட்டாய், வரிசையாய் இருபது பெட்டிகள் வந்தால் அது சரக்கு. ஒரு கோணியிலே முறமும் இட்லிக் கொப்பரையும் பிடி கழன்ற கரண்டியும் கண்ணாடி விரிந்த சாமி படமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தால் அது குடும்பம். எடுத்துச் செல்லும் கட்டணத்தைக் காட்டிலும் விலை குறைந்த பொருளுக்கு ஒருவர் கட்டணம் கட்டுகிறார் என்றால், அவர் வியாபாரி அல்லர், குடிபெயர்கிறவர். பன்னிரண்டு ஆண்டு அனுபவத்திலே நாம் கண்ட இந்த விதி பிழைத்ததே இல்லை.

இந்த விதி நம் வீட்டுக்கே வந்து சேரும் என்று நாம் எண்ணியிருக்கவில்லை.

நம் தாத்தா 1952-ஆம் ஆண்டிலே தென்காசியிலிருந்து இங்கு வந்தவர். சாலைக் கடைத்தெருவிலே ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதினார். அந்நாளிலே தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் வருவதற்கு ஒரே புகைவண்டிப் பாதை, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம் என்று மலையைக் குடைந்து வரும் சிறிய பாதைதான். அது 1904-இலே கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே திறக்கப்பட்டது; 1918-இலே திருவனந்தபுரத்தின் கடற்கரைப் பக்கம் வரை நீண்டது; 1931-இலேதான் தம்பானூருக்கு வந்தது. தாத்தா வந்த அடுத்த ஆண்டு ஆச்சி வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மூட்டை, ஓர் அம்மி, அதன் குழவி. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கும்போது பெட்டியிலிருந்த பிறர் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தார்களாம். ஆச்சியோ அம்மி உருண்டு யார் காலிலாவது விழுந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். “திருவனந்தபுரத்திலே அம்மி கிடைக்காதா?” என்று கேட்டவர்களுக்கு, “கிடைக்கும், ஆனால் அது என் கைக்குப் பழகியிராது” என்று ஆச்சி விடை சொன்னதாக நம் வீட்டிலே ஒரு கதை உண்டு.

அந்த அம்மி சாலைக்குப் பின்புறத்துச் சந்திலே, வாடகை வீட்டு முற்றத்திலே, எழுபது ஆண்டுக்கு மேலாகக் கிடந்தது. ஆச்சிக்குப் பின் நம் அம்மா அதிலே அரைத்தார். சென்ற ஆண்டிலே வீட்டுக்காரர், கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்லி, ஆறு மாதத் தவணை கொடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஓடுகள் நம் தலையிலே விழாதது ஆண்டவன் கருணை. கரமனைப் பக்கத்திலே மூன்றாம் மாடியில் ஒரு சிறு வீடு அமர்ந்தது. மின்தூக்கி கிடையாது. அம்மியை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. “மிக்ஸி இருக்கும்போது அந்தக் கல்லை யார் மூன்று மாடி சுமப்பது, அத்தை?” என்று நம் இல்லாள் மெதுவாகத்தான் கேட்டாள். அம்மா விடை சொல்லவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவும் இல்லை.

இந்த மௌனம் வீட்டிலே நிலவிய நாட்களிலேதான் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், “ஞாயிற்றுக்கிழமை விழிஞத்துக்கு வருகிறீர்களா?” என்று அழைத்தார். வீட்டை விட்டு வெளியே செல்ல ஒரு காரணம் கிடைத்ததே என்று நாமும் புறப்பட்டோம்.

கிழக்குக் கோட்டையிலே பஸ் ஏறித் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் சென்றால் விழிஞம். கோவளத்துக்கு வரும் வெளிநாட்டாரிலே நூற்றுக்கு ஒருவர்கூட அடுத்த வளைவிலே இருக்கும் இவ்வூருக்குள் நுழைவதில்லை என்று ஆசிரியர் வருத்தப்பட்டார். மீன்பிடி துறையின் ஒரு பக்கத்திலே பள்ளிவாசல், மறுபக்கத்திலே மாதா கோவில். இடையே வண்ணம் பூசிய படகுகள். மூக்கைத் துளைக்கும் கருவாட்டு வாடை. சற்றே தெற்கில், வானத்தை முட்டுகிற பாரந்தூக்கிகள் வரிசையாய் நிற்கும் புதிய துறைமுகம். 2024 ஜூலையிலே முதல் பெருங்கப்பல் அங்கே வந்து நின்றது. 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் முறையாகத் திறக்கப்பட்டது. நம் தொழிற்கண்ணுக்கு அந்தப் பெட்டிகளின் அடுக்கு பெருவிருந்து. எல்லாம் ஒரே அளவு, ஒரே கட்டு. முற்றும் சரக்கு.

பழைய விழிஞம் ஆய் மன்னர்களின் தலைநகர், துறைமுகம், கோட்டை. எட்டாம் நூற்றாண்டிலே பாண்டியன் நெடுஞ்சடையன் இதை அழித்தான். பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலே இராசராச சோழனின் படை இதைப் பிடித்தது. இத்தனை பேர் இத்தனை தூரம் படையெடுத்து வந்தார்கள் என்றால் இங்கே கொள்ளத்தக்க செல்வம் இருந்தது என்பது வெளிப்படை. இன்று அந்தப் பெருமைக்குச் சாட்சியாக நிற்பது ஒரே ஒரு பாறை. அந்தப் பாறையைக் குடைந்து சிறு கோவில் அமைத்திருக்கிறார்கள். வாயிலின் ஒரு பக்கம் வில்லேந்திய திரிபுராந்தகர். மறுபக்கம் உமையோடு ஆடும் பெருமான். இரண்டும் முற்றுப்பெறாதவை. உளி பட்ட சுவடு அப்படியே இருக்கிறது. கல்தச்சர் உணவு வேளைக்குப் போனவர் திரும்பி வரவில்லை போலும் என்று தோன்றும்.

இந்த விழிஞத்து மண்ணைக் கேரளப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் துறையினர் இந்த நூற்றாண்டிலே அகழ்ந்தார்கள். மேற்காசியாவின் மெருகிட்ட ஓடுகள், சாடித் துண்டுகள், சீனப் பீங்கான் துண்டுகள் ஆகியவை கிடைத்தன. ஆசிரியர் இதைச் சொல்லிவிட்டு, “பார்த்தீர்களா, பாரசீகரும் சீனரும் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள்!” என்று மகிழ்ந்தார்.

நமக்கு அது ஒப்பவில்லை. “ஐயா, ஓடு வந்தது என்றால் ஆள் வந்தான் என்று ஆகுமா? நம் அலுவலகத்துக்கு நாள்தோறும் காஷ்மீரத்து ஆப்பிள் வருகிறது. நாளைக்கு ஒருவன் தம்பானூரைத் தோண்டி, இங்கே காஷ்மீரத்தார் குடியிருந்தார்கள் என்று எழுதினால் எப்படி இருக்கும்?” என்றோம். ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. சற்று நேரம் கடலைப் பார்த்துவிட்டு, “நல்ல கேள்வி. அரிக்கமேட்டிலே இதே தவறு நடந்தது” என்றார். அவர் சொன்னதையும், பின்னர் நாமே நூல்நிலையத்திலே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்லுகிறோம்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை 1945-இலே வீலர் என்னும் ஆங்கிலேயர் அகழ்ந்தார். இத்தாலி நாட்டுச் சிவப்பு மெருகுத் தட்டுகளும் மதுச்சாடிகளும் கிடைத்தன. அங்கே உரோமரின் வணிகக் குடியேற்றம் ஒன்று இருந்தது என்று அவர் முடிவு கட்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்னும் அம்மையார் குழுவோடு மீண்டும் தோண்டிய பிறகு அந்த முடிவு தளர்ந்தது. அவ்வூர் உரோமர் வருவதற்கு முன்பே இருந்த ஊர்; அவர்கள் போன பிறகும் இருந்த ஊர். சாடிகள் சரக்கு, அவற்றைக் கொண்டு வந்தவர்களிலே சிலர் தங்கியிருக்கலாம், அவ்வளவே. கேரளத்திலே வடபரவூருக்கு அருகிலுள்ள பட்டணத்திலும் 2007 முதல் அகழ்ந்தபோது மதுச்சாடி ஓடுகள் ஆயிரக்கணக்கிலே கிடைத்தன. அவையும் பெரும்பாலும் சரக்கின் எச்சமே.

அப்படியானால் ஆள் தங்கினான் என்பதை எது காட்டும்? இங்கேதான் நம் பார்சல் அலுவலக விதி கைகொடுக்கிறது. எவரும் விலைக்கு வாங்க மாட்டாத பொருள் கடல் கடந்து கிடந்தால், அதைச் சுமந்து வந்தவர் அங்கே அடுப்பு மூட்டினார் என்று பொருள்.

எகிப்து நாட்டுச் செங்கடற்கரையிலே பெரெனிகே என்னும் பழைய துறைமுகம் உண்டு. அங்கே ஒரு கோவிலின் முற்றத்திலே, நம் நாட்டிலே வனைந்த பெருஞ்சாடி ஒன்று கிடைத்தது. அதிலே ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் மிளகு மிளகாகவே இருந்ததாம்! எல்லோரும் மிளகைப் பற்றியே பேசுகிறார்கள், அது சரக்கு. நம் நெஞ்சைத் தொட்டது வேறு. அதே ஊரிலே இந்தியச் சமையற் பானைகளின் ஓடுகள் கிடைத்தன. மெருகில்லாத, அழகில்லாத, அடிப்புறம் கரி படியத்தக்க சாதாரணப் பானைகள். அரிசி, பச்சைப்பயறு, தேங்காய் ஓடு ஆகியவையும் கிடைத்தன. எகிப்திலே பானை வனைவோருக்கா பஞ்சம்? கோதுமை விளையாத நாடா அது? யாரோ ஒருவர், தம் பானையிலேயே தம் அரிசியைப் பொங்கித் தின்றால்தான் உண்டது போல் இருக்கும் என்று கருதியிருக்கிறார்.

அதற்கு வடக்கே குசைர் அல் காதிம் என்னும் மற்றொரு துறைமுகம். அங்கே கிடைத்த ஓடுகளிலே தமிழ் பிராமி எழுத்திலே ‘கணன்’ என்றும் ‘சாதன்’ என்றும் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. மற்றோர் ஓட்டிலே ‘பானை ஒறி’ என்று இருப்பது 2007-இலே படித்தறியப்பட்டது. ஒறி என்பது உறி. பானையைப் பூனை தொடாமல் கயிற்றிலே கட்டித் தொங்கவிடும் உறியேதான். நம் ஆச்சியின் அடுக்களையிலே ஒன்று தொங்கியதை நாம் கண்டிருக்கிறோம். செங்கடலின் கரையிலே, மணற்காட்டின் நடுவிலே, ஒரு தமிழன் தன் பானையின் மேல் அதன் இடத்தை எழுதி வைத்தான் என்று எண்ணும்போது, கணனும் சாதனும் நம் சந்திலே குடியிருந்தவர்கள் போலத் தோன்றினார்கள்.

தாய்லாந்தின் தென்பகுதியிலே குவான் லுக் பட் என்னும் இடத்திலே ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த ஒரு சிறு உரைகல் கிடைத்தது. பெரும்பதன் என்னும் பொற்கொல்லனின் உரைகல் அது. உரைகல்லும் சரக்கன்று, கைத்தொழில் செய்பவனின் மடியிலே இருப்பது. கப்பல் காற்றுக்காகக் காத்திருந்த நாளிலே அவன் அங்கே பட்டறை போட்டிருக்க வேண்டும். அந்நாளையக் கப்பல்கள் ஒரு பருவக்காற்றிலே வந்து மறு பருவக்காற்றிலேதான் திரும்பும். எகிப்திலிருந்து ஆடி மாதத்தையொட்டிப் புறப்பட்டவர் வாடைக் காற்று வீசும் மார்கழி, தை வரை இங்கே தங்கியாக வேண்டும். அப்படித் தங்கியவரிலே சிலர் அடுத்த காற்றுக்கும் போகாமல் நின்றுவிடுகிறார்கள். குடியேற்றம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நம் தாத்தாவும் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இந்த இடத்திலே கொரியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க இயலாது. ஏனெனில் நம் சங்கக் கூட்டங்களிலே ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தப் பேச்சு வருகிறது. கி.பி. 48-இலே ‘ஆயுத’ நாட்டு இளவரசி ஒருத்தி மரக்கலத்திலே சென்று காயா நாட்டு மன்னன் சூரோவை மணந்தாள் என்று, பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இர்யோன் என்னும் துறவி தொகுத்த சம்குக் யூசா என்னும் நூல் கூறுகிறது. ஆயுத என்பது அயோத்தியே என்று வடக்கே சொல்லுகிறார்கள். அங்கே 2001-இலே நினைவுச் சின்னமும் எழுந்தது. நம்மவர்களிலே சிலர், அது ஆய் நாடே, அவள் விழிஞத்திலிருந்தே கப்பலேறினாள் என்கிறார்கள். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் கதை எழுதப்பட்டது நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து. பெயரொலி ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு கடல் தாண்டுவது நமக்குச் சம்மதமில்லை.

அதே கொரியாவிலே மண் தரும் சான்றுகளோ வேறு வகை. சில்லா நாட்டுத் தலைநகராகிய கியோங்ஜுவிலே அரண்மனை அகழியைத் தோண்டியபோது, தலைப்பாகை அணிந்து நீண்ட அங்கி தரித்த சிறு மண்பொம்மை ஒன்று கிடைத்ததை 2017-இலே வெளியிட்டார்கள். ஆறாம் நூற்றாண்டினது; மத்திய ஆசியாவின் சோக்தியரைப் பார்த்துச் செய்தது என்று கருதுகிறார்கள். அயல்நாட்டு முகத்தை ஓர் உள்ளூர்க் குயவன் நேரிலே கண்டிருக்கிறான். தென்மேற்கிலே, யோங்சான் ஆற்றுப் பக்கத்திலே, சாவித்துளை வடிவிலே பத்துக்கும் மேற்பட்ட கல்லறை மேடுகள் இருக்கின்றன. அவ்வடிவம் யப்பானியருக்கே உரியது. மேட்டைச் சுற்றி நாட்டிய மண்குழாய்களும் யப்பானிய முறை. உள்ளே கிடப்போர் யப்பானிலிருந்து வந்து குடியேறியவரா, யப்பானோடு உறவு கொண்ட உள்ளூர்த் தலைவரா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எப்படியாயினும், இறந்தவரை எப்படிப் புதைப்பது என்ற வழக்கத்தை எவரும் சந்தையிலே வாங்குவதில்லை. இளவரசியின் கதையைவிட அந்த மண்குழாய்கள் நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

அடுத்த ஞாயிறு கொல்லத்துக்குப் போனோம். தம்பானூரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். பாஸ் இருப்பதால் நமக்குச் செலவில்லை. ஆசிரியர் மட்டும் சீட்டு வாங்கினார். தங்கசேரிக் கலங்கரை விளக்கத்தின் கீழே நின்றுகொண்டு, 2014-இலே துறைமுகத்தைத் தூர் வாரியபோது சீனக் காசுகளும் பீங்கான் ஓடுகளும் ஏராளமாக வெளிப்பட்ட கடலைப் பார்த்தோம். பிற்பகலிலே, நிழலுள்ள ஒரு திண்ணையிலே அமர்ந்து, ஆசிரியர் தம் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். தரிசாப்பள்ளிச் செப்பேடுகளின் படம் அதிலே இருந்தது.

அச்செப்பேடுகளை நாம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். குடியேறியவர்களின் சான்றுகளிலே அதற்கு நிகரானது நம் நாட்டிலே அரிது. ஆண்டு 849. சேரப் பெருமாள் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்திலே மருவான் சபிர் ஈசோ என்னும் கிறித்தவ வணிகத் தலைவர் அமைத்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமையும் கொடுக்கிறார். எழுத்து வட்டெழுத்து, மொழியோ, நம்மைப் போன்ற மெட்ரிகுலேஷன் படிப்பாளியும் பாதிக்கு மேல் புரிந்துகொள்ளக்கூடியது. ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் முதலிய குடிகள் பள்ளிக்கென்று ஒதுக்கப்படுகிறார்கள். சில வரிகள் நீக்கப்படுகின்றன. எழுபத்திரண்டு விடுபேறுகள் அளிக்கப்படுகின்றன. ஊரின் அளவைக் கருவிகளைக் காக்கும் பொறுப்பும் வந்தவர்களிடமே ஒப்படைக்கப்படுகிறது. இதை எண்ணிப் பாருங்கள். நேற்றுக் கப்பலிலே வந்தவன் கையிலே ஊரின் படியையும் தராசையும் கொடுப்பதென்றால், அவன் நாளைக்கும் இங்கே இருப்பான் என்று ஊர் நம்பியிருக்க வேண்டும். எடைபோட்டுப் பிழைக்கும் அலுவலகத்திலே இருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

மேற்காசிய வணிகரின் கூட்டமாகிய அஞ்சுவண்ணமும், இந்நாட்டு வணிகரின் கூட்டமாகிய மணிக்கிராமமும் பள்ளியின் உடைமைக்குக் காவலாக நிறுத்தப்படுகின்றன. இறுதி ஏட்டிலேதான் அதிசயம். சாட்சிகள் தத்தம் எழுத்திலே கையொப்பமிட்டிருக்கிறார்கள். அரபியிலே பதினொருவர், இடைக்காலப் பாரசீகத்திலே பதின்மர், எபிரேய எழுத்திலே யூதர் நால்வர். இப்ராகீமின் மகன் மைமூன் என்று ஒருவர். கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டரசன் கொடுத்த கொடைக்கு இசுலாமியரும் யூதரும் பாரசீகரும் சாட்சி! சாடி ஓட்டைப் போல் இது ஊமையன்று. இருபத்தைந்து பேர் எழுந்து நின்று, நாங்கள் இங்கே இருந்தோம் என்று கூறுகிறார்கள். மூல ஏடுகள் இன்று சில திருவல்லாவிலும் சில கோட்டயத்திலும் திருச்சபைகளின் காப்பிலே இருக்கின்றன.

அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகளின் பள்ளிக்கூடத்திலே பெற்றோர் கையொப்பமிடும் இடத்திலே நாம் தமிழிலேதான் எழுதுகிறோம். அவளோ தன் பெயரை மலையாளத்திலே எழுதுவாள். தமிழிலே எழுதச் சொன்னால் ‘ழ’கரத்திலே தடுமாறுவாள். ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர், “மைமூனின் பேரன் எந்த எழுத்திலே ஒப்பமிட்டானோ, யார் கண்டார்?” என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார்.

நம்மவர் பிற நாடுகளிலே தங்கியதற்கும் இவ்வகைச் சான்றுகள் உண்டு. கொல்லத்திலே காவலாயிருந்த அதே மணிக்கிராமத்தார், அதே ஒன்பதாம் நூற்றாண்டிலே, தாய்லாந்தின் தக்குவாபாவிலே ‘அவனிநாரணம்’ என்னும் குளத்துக்குக் காவலாக இருந்ததைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்லுகிறது. குளம் வெட்டுகிறவன் வழிப்போக்கன் அல்லன். சீனத்தின் குவான்சௌ நகரிலே 1281-இலே சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனப் பேரரசரின் நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளுவித்ததைத் தமிழிலே பொறித்து, கீழே சீன எழுத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்தக் கோவில் அழிந்துவிட்டது. அதன் தூண்கள் அங்குள்ள பெரிய புத்தப் பள்ளியிலே தாங்கி நிற்கின்றன. அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிலே நம் தெய்வ வடிவம் ஒன்றைக் குவான்யின் தேவியென்று கருதி ஊரார் வணங்கி வருகிறார்கள்.

திருவனந்தபுரத்துத் தமிழரின் கதைக்கு இத்தனை ஆழமான அகழ்வு வேண்டியதில்லை. காலுக்குக் கீழேயே இருக்கிறது. வலியசாலையிலே காந்தளூர் மகாதேவர் கோவில் இருக்கிறது. இராசராசன் கலமறுத்த காந்தளூர்ச்சாலை இதுவே என்பார் பலர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே திவான் இராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தபோது பாண்டி நாட்டு வணிகர் வந்து குடியேறினார்கள். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள் பேரூர்க்கடையிலே வாழ்ந்துகொண்டே வேணாட்டு மன்னரின் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்தார்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தாத்தா அன்று இரவு, “நேற்று வரை ஒரே சமஸ்தானத்து இருமொழிக்காரர், இன்று முதல் நாம் அயலூரார்” என்று சிரித்தாராம். அவர் தென்காசிக்காரர்; முன்னமே அயலூரார்தான். நாகர்கோவில் அன்பர்களுக்காகச் சொல்லியிருப்பார்.

வீடு மாறும் நாள் வந்தது. விழிஞமும் கொல்லமும் சுற்றி வந்த உற்சாகத்திலே, எவ்வளவு செலவானாலும் அம்மியை மாடிக்கு ஏற்றிவிடுவது என்று நாம் உறுதி செய்திருந்தோம். சுமைக்கூலி பேசவும் ஆளை அழைத்தாயிற்று. ஆனால் அம்மாவே தடுத்துவிட்டார். “மூன்றாம் மாடியிலே அரைத்தால் இரண்டாம் மாடியிலே இருப்பவர்களுக்கு இடி விழுந்தது போல் இருக்கும். வேண்டாம், விட்டுவிடு” என்றார். பிறகு குழவியை மட்டும் எடுத்துக் கழுவித் துடைத்துப் பழைய சேலையிலே சுற்றி, ஆட்டோவிலே தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். அதற்கு எந்தக் கட்டணமும் எவரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, விடுபட்டுப்போன கடிதம் ஒன்றை வாங்குவதற்காகப் பழைய சந்துக்குச் சென்றோம். வீடு இடிந்து தரைமட்டமாகியிருந்தது. முற்றம் இருந்த மூலையிலே தகரக் கொட்டகை போட்டு வங்காளத்துத் தொழிலாளர் ஆறேழு பேர் தங்கியிருந்தார்கள், முர்ஷிதாபாத் பக்கத்தவர்களாம். மாலை நேரம். ஓர் இளைஞன் குந்தி அமர்ந்து எதையோ அரைத்துக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தோம். நம் ஆச்சியின் அம்மி. அதிலே கடுகு. மீன் குழம்புக்குக் கடுகு அரைத்து ஊற்றுவது அவர்கள் நாட்டு வழக்கமாம். குழவி இல்லாததால் உடைந்த தூண் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும், கல்லின் சொந்தக்காரர் என்று எப்படியோ ஊகித்து, எழுந்து நின்றான். நாம் வேண்டாம், அரை என்று கையைக் காட்டிவிட்டு வந்தோம்.

இரவு அம்மாவிடம் சொன்னோம். அவர் சன்னல் விளிம்பிலே இருந்த குழவியைப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, விளக்கை அணைக்கப் போகும்போது கேட்டார்:

“தூண் துண்டாலே அரைத்தால் கடுகு எங்கே மசியும்?”